நெய்யாற்றின்கரைச் சாலையும் கண்ணுக்கெட்டும் தொலைவும்

மும்பை நகருக்கு அருகே பன்வேலில் புறப்படும் 66ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, கொங்கணக் கரையோரமாகக் கோவாவையும் கார்வாரையும் மங்களூரையும் கடந்து, கேரள நாட்டின் நீளம் முழுவதையும் அளந்து, ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர் ஓடிக் கன்னியாகுமரியில் முடிகிறது. அந்நகரங்களில் குடியேறி வாழும் தென்கோடித் தமிழர் பலருக்கு ஊர் திரும்பும் வழி இதுவே. திருவனந்தபுரத்தை விட்டு, பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, அமரவிளை, உதியன்குளங்கரை, பாறசாலை ஆகிய ஊர்களின் ஊடே களியக்காவிளை எல்லை வரை செல்லும் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் பழைய சாலையைப் பற்றியே இங்குப் பேச எண்ணுகிறோம். 2010ஆம் ஆண்டில் எண்கள் மாற்றப்படும் வரை அது 47ஆம் எண் நெடுஞ்சாலையாக இருந்தது. அதற்கு முன்னர், எண் எதுவும் இல்லாத காலத்திலேயே, அது ஒரு சமஸ்தானத்தின் முதுகெலும்பாக இருந்தது.

வண்டி ஓட்டுபவரின் கண் எவ்வளவு தொலைவு காண்கிறது, அந்தத் தொலைவுக்குள் அவரால் வண்டியை நிறுத்த முடிகிறதா என்பது சாலைப் பொறியியலின் அடிப்படைக் கேள்வி. பொறியியலார் பார்த்துக்கொள்ளட்டும் என்று அதை நாம் தள்ளிவிடுவதுண்டு. நெய்யாற்றின்கரைச் சாலையைப் பொறுத்தவரை அக்கேள்வி வரலாற்றுக் கேள்வியுமாகும். நடப்பவருக்காக அமைந்த ஒரு வழியின் மேல் விசைவண்டி ஏறியபோது என்ன நிகழ்ந்தது என்பதை அச்சாலையில் கண்கூடாகக் காணலாம்.

பழைய திருவிதாங்கூரில் வழிகள் மனிதக் காலின் அளவில் அமைந்தவை. தலைச்சுமையோடு வருபவர் பிறர் உதவியின்றிச் சுமையை இறக்கி வைக்க, நிற்கும் ஆளின் தோளுயரத்தில் குறுக்குக் கல் பாவிய சுமைதாங்கிகள் சாலையோரம் நின்றன. வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்க வழியம்பலங்களும் கல்மண்டபங்களும் இருந்தன. ஓர் அம்பலத்துக்கும் அடுத்த அம்பலத்துக்கும் இடையிலுள்ள தொலைவை முடிவு செய்தது களைப்பு. நடப்பவர் ஓரடியில் நின்றுவிடுவார். மாட்டுவண்டி தன் நீளத்துக்குள் நின்றுவிடும். ஆகவே வழி எங்கு வளைந்தாலும் எவர்க்கும் தீங்கில்லை. குளத்தைச் சுற்றிற்று, கோயில் மதிலை ஒட்டிற்று, ஆலமரத்துக்கு ஒதுங்கிற்று. செம்பாறை மேட்டின் மேல் ஏறி, மறுபக்கம் நெல் விளையும் ஏலாவுக்குள் இறங்கி, மீண்டும் ஏறிற்று. அமரவிளை, களியக்காவிளை, இஞ்சிவிளை என்று மேட்டு நிலமாகிய விளையின் பெயராலும், உதியன்குளங்கரை என்று குளத்தின் பெயராலும் அமைந்த ஊர்ப்பெயர்களே அந்த ஏற்ற இறக்கத்தை இன்றும் சொல்லிக்கொண்டிருக்கின்றன.

அக்காலத்து வேகம் எத்தகையது என்று அறிய ஏடுகளைப் புரட்ட வேண்டியதில்லை. ஆண்டுதோறும் நவராத்திரிக்கு முன் அது நம் கண்முன்னே வருகிறது. தலைநகரம் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு மாறிய பின், நவராத்திரி பூஜைக்காகத் தெய்வத் திருமேனிகளை அங்கு எழுந்தருளச் செய்யும் வழக்கம் ஏற்பட்டது. பத்மநாபபுரத்துத் தேவாரக்கட்டு சரஸ்வதி யானை மீதும், வேளிமலைக் குமாரசுவாமியும் சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் பல்லக்கிலுமாகப் புறப்படுகின்றனர். முதல் இரவு குழித்துறையில். மறு இரவு நெய்யாற்றின்கரைக் கிருஷ்ணசுவாமி கோயிலில். மூன்றாம் நாள் திருவனந்தபுரம். பேருந்து இரண்டு மணி நேரத்தில் கடக்கும் வழிக்கு மூன்று நாட்கள். மாநில எல்லை குறுக்கே விழுந்த பின்னும் இவ்வழக்கம் நிற்கவில்லை. களியக்காவிளையில் ஒரு மாநிலத்துக் காவலர் விடைகொடுக்க, மறு மாநிலத்துக் காவலர் வரவேற்கின்றனர். பின்னால் வண்டிகள் யானையின் நடைக்குக் காத்து நிற்கின்றன. இச்சாலை எந்த வேகத்துக்காகப் பிறந்தது என்பதை அந்த மூன்று நாட்கள் காட்டிவிடுகின்றன.

அந்தக் கிருஷ்ணசுவாமி கோயில் மார்த்தாண்டவர்மா மன்னர் எடுப்பித்தது. பகைவர் துரத்தியபோது அவர் ஒரு பலாமரத்தின் பொந்தில் ஒளிந்து உயிர் தப்பினார் என்பது ஐதிகம். அம்மச்சிப் பலா என்று பெயர் பெற்ற அம்மரத்தின் எச்சம் கோயில் வளாகத்தில் காக்கப்படுகிறது. பிறர் கண்ணில் படாதிருந்தமையால் ஒருவர் உயிர் பிழைத்த இடம் அது. வாசலில் ஓடும் சாலையிலோ பிறர் கண்ணில் பட்டால்தான் உயிர் பிழைக்கலாம்.

19ஆம் நூற்றாண்டில், 1858 முதல் 1872 வரை திவானாக இருந்த தி. மாதவராவின் காலத்தில் சமஸ்தானத்துப் பொதுப்பணித் துறை வலுப்பெற்றது. மண் வழிகள் அகன்றன; ஆறுகளின் மேல் பாலங்கள் வந்தன; சக்கர வண்டிகள் பெருகின. எனினும் புது வழி பெரும்பாலும் பழைய வழியின் தடத்தையே பற்றிச் சென்றது. அதில் வியப்பில்லை. சாலையின் இருபுறமும் அதற்குள் ஊர்கள் எழுந்துவிட்டன.

மாற்றம் வந்தது 1938இல். பேருந்துப் போக்குவரத்தை அரசே ஏற்று நடத்துவதென்று திருவிதாங்கூர் முடிவு செய்து, லண்டன் பயணிகள் போக்குவரத்து வாரியத்தில் பணியாற்றிய இ. ஜி. சால்ட்டர் என்பவரை வரவழைத்து 1937இல் கண்காணிப்பாளராக அமர்த்தியது. இங்கிலாந்திலிருந்து 60 காமெட் அடிச்சட்டங்கள் பெர்க்கின்ஸ் டீசல் எஞ்சின்களோடு வந்து இறங்கின. அவற்றின் மேல் கூடு கட்டும் வேலை சால்ட்டரின் மேற்பார்வையில் இங்கேயே நடைபெற்றது. 1938 பிப்ரவரி 20ஆம் நாள் சித்திரைத் திருநாள் மகாராஜா பணியைத் தொடங்கி வைத்தபோது, முதல் வண்டியைச் சால்ட்டரே ஓட்டினார். மகாராஜாவும் குடும்பத்தினரும் முதற் பிரயாணிகள். அரசு முதலில் ஏற்ற தடங்களில் திருவனந்தபுரம் - நாகர்கோவில் தடமும் ஒன்று. நெய்யாற்றின்கரை வழியே குறித்த நேரத்துக்குப் புறப்பட்டுக் குறித்த நேரத்துக்குச் சேரும் வண்டி ஓடத் தொடங்கிற்று. நேரத்தைக் குறித்துவிட்டால் வேகத்தையும் குறித்துவிட்டதாகவே ஆகும் என்பதை அன்று எத்தனை பேர் எண்ணிப் பார்த்தனரோ!

வண்டி வந்த அதே ஆண்டுகளில் அதன் கீழே தரையும் மாறிற்று. 1936 முதல் 1947 வரை திவானாயிருந்த சர் சி. பி. இராமசுவாமி ஐயரின் ஆட்சியில், திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரி வரை ஏறத்தாழ 87 கிலோமீட்டருக்குச் சிமென்ட் கான்கிரீட் பாவப்பட்டது. புழுதியும் சேறுமாயிருந்த வழி வெண்மையான தளமாயிற்று. அக்காலத்துக்கு அது பெருஞ் சாதனை, இதில் ஐயமில்லை. வெண்தளம் இரவில் விளக்கொளியைத் திருப்பிக் காட்டுவதால், கருந்தார்ச் சாலையில் மறைந்துவிடும் ஆளும் மாடும் அதன்மேல் சற்று முன்னரே தெரியும் நன்மையும் இருந்தது. பிற்காலத்தில் அதன்மேல் தார் பரப்பப்பட்டது. ஆனால் கான்கிரீட் மாற்றியது தரையை மட்டுமே. வளைவு வளைவாகவே இருந்தது. மேடு மேடாகவே இருந்தது. குண்டும் குழியுமான வழி தானாகவே வண்டியின் வேகத்தைக் கட்டி வைத்திருந்தது. தரை மழமழப்பானதும் அந்தக் கட்டு அறுந்தது. கண்ணுக்கெட்டும் தொலைவோ மாட்டுவண்டிக் காலத்து அளவிலேயே நின்றுவிட்டது. இச்சாலையின் இடர் அனைத்துக்கும் மூலம் இந்த இடைவெளியே என்பது நம் கருத்து.

அத்தொலைவை அளந்து சொல்லும் கலை அப்பொழுது இளமையாயிருந்தது. இங்கிலாந்தில் சாலை விதிகளின் கையேடு 1931இல் முதன்முதல் வெளியாயிற்று. வண்டி நிற்கப் பிடிக்கும் தொலைவுகள் அதில் இடம்பெற்றது 1946ஆம் ஆண்டுப் பதிப்பில்தான். அதாவது சால்ட்டர் இங்கு வந்தபோது அவர் நாட்டுக் கையேட்டிலும் அக்கணக்கு அச்சாகவில்லை. இந்தியாவில் ஜெயகர் குழுவின் பரிந்துரைகளைத் தொடர்ந்து 1934இல் இந்தியச் சாலைக் காங்கிரஸ் தோன்றிற்று. பார்வைத் தொலைவு பற்றிய அதன் விரிவான நெறிமுறை வெளியான ஆண்டு 1976.

அந்நெறிமுறையின் கணக்கு எளிதானது. வண்டி நிற்பதில் இரண்டு பகுதிகள் உண்டு. சாலையில் ஒரு குழந்தை இறங்குகிறது. ஓட்டுநர் அதைக் காண வேண்டும். இன்னதென்று அறிய வேண்டும். நிறுத்துவதென்று துணிய வேண்டும். பிறகே கால் பிரேக்கை மிதிக்கும். இதற்கு 2.5 வினாடி என்று வைத்துக்கொண்டார்கள். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி வினாடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர் ஓடுகிறது. ஆகவே பிரேக் பிடிக்கத் தொடங்குவதற்கு முன்னரே 42 மீட்டர் போய்விடுகிறது. நான்கு பேருந்துகளை வரிசையாக நிறுத்தினால் கொள்ளும் நீளம் அது. அதன் பிறகு சக்கரத்துக்கும் தரைக்கும் உள்ள பிடிப்பினால் வண்டி நிற்க மேலும் 39 மீட்டர். ஆக, 80 மீட்டர் வேண்டும். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்துக்கு 45 மீட்டர் போதும். வேகம் ஒன்றரை மடங்கானால் தொலைவு இரு மடங்கை நெருங்கிவிடுகிறது. பிரேக் பிடித்த பின் ஓடும் தொலைவு வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்து வளர்வதே இதற்குக் காரணம்.

எதிரெதிரே இரண்டு வண்டிகள் ஒரே தடத்தில் வந்துவிட்டால் இரண்டுக்கும் இடம் வேண்டும். 160 மீட்டருக்குக் குறைந்தால் ஆபத்து. நின்றுகொண்டிருக்கும் பேருந்தை முந்துவதற்காக வலப்புறம் ஏறும்போதெல்லாம் இச்சாலையில் அந்நிலையே ஏற்படுகிறது.

இனி அந்த 80 மீட்டர் இங்குக் கிடைக்கிறதா என்று பார்ப்போம். வளைவில் ஓட்டுநரின் பார்வை வண்டி செல்லும் தடத்தில் வளைந்து செல்வதில்லை. உட்புறத்தை அறுத்துக்கொண்டு நேர்க்கோடாகச் செல்கிறது. உட்புறத்தில் மதிலோ கடையோ செம்பாறைச் சரிவோ இருந்தால் பார்வை அங்கே முடிந்துபோகும். 100 மீட்டர் ஆரமுள்ள ஒரு வளைவில் 45 மீட்டர் தொலைவு காண, வண்டி ஓடும் தடத்தின் நடுக்கோட்டிலிருந்து உட்புறமாக இரண்டரை மீட்டர் வெளி இருந்தால் போதும். 80 மீட்டர் காண வேண்டுமானால் 8 மீட்டர் வெளி வேண்டும். கடைப்படியிலிருந்து காலை நீட்டினால் சாலையில் படும் ஊர்களில் 8 மீட்டருக்கு எங்கே போவது? ஆகவே அத்தகைய வளைவு 40 கிலோமீட்டர் வேகத்துக்குத்தான் இடங்கொடுக்கும். அறிவிப்புப் பலகை என்ன சொன்னாலும், ஓட்டுநரின் திறமை எத்தகையதாயினும், கணக்கு மாறாது. மேட்டின் உச்சியிலும் இதுவே நிலை. ஓட்டுநரின் கண் தரையிலிருந்து 1.2 மீட்டர் உயரத்திலும், வழியில் கிடக்கும் தடை 15 சென்டிமீட்டர் உயரத்திலும் இருப்பதாகக் கொண்டு நெறிமுறை கணக்கிடுகிறது. செங்குத்தான முகட்டில் ஏறும்போது எதிரே வானமே தெரிகிறது. இறக்கத்தில் நிற்பது தெரிவதில்லை. பேருந்து ஓட்டுநர் உயரத்தில் இருப்பதால் சற்று முந்திக் காண்பார். ஆனால் அவருடைய வண்டி கனமானது, நிறுத்துவதும் அரிது.

1956 நவம்பர் 1ஆம் நாள் இச்சாலையின் குறுக்கே ஓர் எல்லை விழுந்தது. தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுக்காக்கள் சென்னை மாகாணத்தில் சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்ட பகுதிகளுள் நெய்யாற்றின்கரையும் ஒன்று. அது கேரளத்திலேயே நின்றுவிட்டது. 1954 ஆகஸ்டு 11ஆம் நாள் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாகும் அளவுக்கு அப்போராட்டம் கடுமையாயிருந்தது. அதை நடத்திய தலைவர் நேசமணியின் பெயரில் 1980களில் நாகர்கோவிலைத் தலைமையிடமாகக் கொண்டு ஓர் அரசுப் போக்குவரத்துக் கழகம் எழுந்தது. எல்லைக்காகப் போராடியவரின் பெயரைத் தாங்கிய பேருந்துகள் எல்லையைத் தாண்டித் திருவனந்தபுரத்துக்கு ஓடின. 1997இல் தலைவர்களின் பெயர்கள் எல்லாக் கழகங்களிலிருந்தும் நீக்கப்படும் வரை அது நீடித்தது.

எல்லை சாலைக்கு என்ன செய்தது? இஞ்சிவிளை வரை மலையாளப் பலகை, களியக்காவிளையிலிருந்து தமிழ்ப் பலகை என்றாயிற்று. பெயர்ப் பலகையைப் பொறுத்தவரை இது சிறு தொல்லையே. எச்சரிக்கைக் குறிகள் படமாக இருப்பதால் மொழி தெரியாதவர்க்கும் விளங்கும். அதற்காகவே உலக நாடுகள் 1931இல் ஜெனீவாவிலும் 1968இல் வியன்னாவிலும் கூடி ஒப்பந்தம் செய்துகொண்டன. பெருந்தொல்லை வேறிடத்தில் இருந்தது. எல்லை வந்தால் சாவடி வரும். சாவடி வந்தால் வரிசை வரும். வரி காட்டவும் அனுமதி பெறவும் அமரவிளைப் பக்கத்திலும் களியக்காவிளைப் பக்கத்திலும் லாரிகள் சாலையோரம் காத்து நின்றன. இரவில், வளைவுக்கு அப்பால், பின்விளக்கு எரியாமல் நிற்கும் லாரியைவிடக் கொடிய இடர் சாலையில் வேறில்லை. ஓடும் வண்டி ஒலியாலும் ஒளியாலும் தன்னை அறிவிக்கிறது. நிற்கும் வண்டிக்கு அது இல்லை. 2017இல் சரக்கு மற்றும் சேவை வரி வந்து விற்பனைவரிச் சாவடிகள் எடுக்கப்பட்டபோது, வணிகர்கள் நேரம் மிச்சமாயிற்று என்று மகிழ்ந்தனர். சாலையில் ஒரு பார்வைத் தடை நீங்கியதை எவரும் அவ்வளவாகப் பேசவில்லை.

இரவைப் பற்றி இன்னும் சிறிது சொல்ல வேண்டும். தாழ்த்திய முகப்பு விளக்கு நன்றாகக் காட்டும் தொலைவு 40, 50 மீட்டரைத் தாண்டுவது அரிது. 60 கிலோமீட்டர் வேகத்துக்கு வேண்டியதோ 80 மீட்டர். எனவே தாழ்ந்த விளக்கோடு அவ்வேகத்தில் செல்பவர், தாம் காணாத நிலத்தின் மேல் ஓட்டிச் செல்கிறார். எதிர் வண்டி ஒளியைத் தாழ்த்தாமல் வந்துவிட்டாலோ, கண் மீண்டும் தெளிவடையச் சில வினாடிகள் ஆகும். விளக்கின் மேற்பாதியில் கறுப்பு வண்ணம் தீட்டும் வழக்கம் ஒரு காலத்தில் நம் நாட்டில் பரவியிருந்தது. இன்றைய விளக்குகளின் வெள்ளொளியைப் பார்க்கும்போது அவ்வழக்கத்தை எண்ணிப் பெருமூச்சு விடத் தோன்றுகிறது.

மழை இரண்டு விதத்தில் கெடுக்கிறது: பார்வையையும் குறைக்கிறது, பிடிப்பையும் குறைக்கிறது. இப்பகுதிக்கு இரு பருவமழையும் உண்டு. வைகாசி நடுவில் மலையாளிகள் இடவப்பாதி என்று அழைக்கும் மழை, ஐப்பசியில் துலாமழை. நீண்ட வெயிலுக்குப் பின் வரும் முதல் மழையே மிகக் கெட்டது. தரையில் படிந்த எண்ணெயும் புழுதியும் நீரோடு கலந்து வழுக்கலாகிவிடும். தேய்ந்த சக்கரத்தோடு ஈரத்தரையில் பிரேக் பிடித்தால், நிற்கும் தொலைவு இரட்டிக்கவும் கூடும். ஆவணியில் ஓணத்துக்காகத் தோவாளைச் சந்தைப் பூக்களை ஏற்றிக்கொண்டு விடிவதற்கு முன் திருவனந்தபுரத்துக்கு விரையும் வண்டிகள் இச்சாலையில் ஓடுகின்றன. பூ வாடும் முன் சேர வேண்டும் என்னும் அவசரமும், விடிகாலை மங்கலும், மிச்சமிருக்கும் மழை ஈரமும் ஒன்றாகச் சேரும் வேளை அது.

நோய்க்கு மருந்து என்ன என்பதில் கருத்து வேறுபாடு இல்லை: சாலையை அகலப்படுத்தி வளைவுகளை விரிப்பது. திருவனந்தபுரத்துக் கரமனையிலிருந்து களியக்காவிளை வரை பழைய சாலையை அகலப்படுத்த வேண்டும் என்று பல ஆண்டுகளாக இயக்கம் நடந்து, தலைநகரை ஒட்டிய பகுதிகள் அகன்றுள்ளன. கடைவீதிகளை எடுக்கும் இடத்தில்தான் வேலை நொண்டியது. பாலராமபுரம், தமிழ் வழி வந்த சாலியர் நெசவாளர் மன்னர் காலத்தில் குடியமர்த்தப்பட்ட ஊர். தலைமுறை தலைமுறையாகத் துணி விற்ற வாசல்கள் அங்குள்ளன. அவர்களிடம் போய் 8 மீட்டர் வெளி கேட்பது எளிதன்று. அவர்கள் மறுப்பதைப் பேராசை என்று பேசுவோரை நாம் ஏற்கவில்லை. அக்கடைகள் சாலைக்கு வந்து நெருக்கவில்லை. சாலைதான் பிறகு வேகம் பெற்று அவற்றை நெருக்கியது. உரிய ஈட்டுத்தொகையைக் காலத்தில் கொடுத்து எடுப்பதே முறை. தாமதத்தின் விலையை வழியில் நடப்பவர் கொடுத்து வருகின்றனர்.

இதற்கிடையில் வேறொரு வழி பிறந்துவிட்டது. கழக்கூட்டத்திலிருந்து கோவளத்துப் பக்கமாகச் சுற்றி, எல்லையருகே காரோடு வரை நான்கு தடப் புறவழிச்சாலை அமைக்கப்பட்டது. அதில் முக்கோலையிலிருந்து காரோடு வரை ஏறத்தாழ 16 கிலோமீட்டர் கான்கிரீட் தளம். சர் சி. பி. காலத்துக்குப் பின் நெய்யாற்றின்கரைத் தாலுக்காவில் வெண்தளம் மீண்டும் வந்துள்ளது. இம்முறை பொறியியலார் மேட்டை வெட்டினர், ஏலாவின் மேல் மண்ணை உயர்த்தினர், எதிர் வண்டிகளுக்கு நடுவே தடுப்பு வைத்தனர். தரை மாறும்போது தடமும் மாறியது. ஆயினும் ஊர்மக்கள் தங்கள் பழைய குறுக்கு வழிகளை விட்டுவிடவில்லை. இருபுறமும் வயலும் வீடும் உள்ளவர், நான்கு தடத்தையும் நடந்து கடக்கின்றனர். 80 மீட்டர் காணக்கூடிய சாலையில் வண்டிகள் 80 மீட்டருக்கு உரிய வேகத்தோடு நின்றுவிடுவதில்லை.

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் 1979இல் இரயில் வந்தது. தொலைவிலிருந்து ஊர் திரும்புவோரில் பலர் அதில் வருகின்றனர். காரில் வருபவரும் குறைவில்லை. மங்களூரிலிருந்தோ மும்பையிலிருந்தோ இரவும் பகலும் ஓட்டி வந்து, கடைசி 30 கிலோமீட்டர்தானே என்று களைப்போடு இப்பழைய சாலையில் இறங்குபவருக்கு அந்த 2.5 வினாடி என்னும் கணக்குப் பொருந்தாது. தூக்கம் கலந்த கண்ணுக்கு அதனினும் மிகுதியாக ஆகும். ஒரு வினாடி கூடினாலே 60 கிலோமீட்டர் வேகத்தில் மேலும் 17 மீட்டர். பழைய வழியம்பலங்கள் பெரும்பாலும் மறைந்துவிட்டன. அமரவிளைப் பாலத்துக்கும் எல்லைக்கும் இடையே தேநீர்க் கடைகள் பல உள்ளன. நெடுந்தொலைவு ஓட்டிப் பழகிய லாரிக்காரர்கள், வண்டியைத் தார் விளிம்பிலிருந்து முழுதும் இறக்கி நிறுத்தி, ஓர விளக்கை எரியவிட்டு, அங்கே முகம் கழுவிக்கொண்டு புறப்படுகின்றனர்.